மைதானத்தில் ஒரு சாவுச் செய்தி

அறிவுச்செல்வனின் முகம் தெரிந்தவர்கள் திருவண்ணாமலையில் கம்மி. குரல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஊரில் ஒருத்தர் தவறிப்போனால், சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்கு முன்னால் அவன் குரல் தெருத்தெருவாக வந்துவிடும். மொஹ்சினுடைய ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். மொஹ்சின் ஓட்டுவான். காலையில் மொஹ்சினுடைய மைக் செட் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அறிவு பேசிக் கொடுத்தது அன்று முழுக்க அதில் ஓடிக்கொண்டிருக்கும். இன்ன தெருவில் வசிக்கும், இன்னாரின் மகனும் இன்னாரின் கணவருமான இன்னார், இன்று காலை சிவலோகப் பதவி அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அந்தக் குரலில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அழமாட்டான், இழுக்கமாட்டான். ஆனால் அவன் 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று சொல்லும்போது, செத்தவர் யாரென்றே தெரியாதவர்கள்கூட கைவேலையை ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவார்கள். செங்கத்தில் இருந்து வேறு ஒருத்தன் வந்து பேசிப் பார்த்தான். எடுபடவில்லை. "அறிவு சொன்னாத்தாம்பா சாவு சாவாட்டம் இருக்குது" என்று ஊர் சொல்லிவிட்டது. இதைக் கேட்டு அவன் மனைவி தனம் தலையில் அடித்துக்கொள்வாள். அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. சொந்த ஊரான அடி அண்ணாமலையின் ஃபுட்பால் டீமுக்குக் கோஷம் கட்டிக் கொடுப்பது. பந்தை உதைக்க அவனுக்குத் துப்பில்லை. பத்தாவது படிக்கும்போதே டீமில் இருந்து கழற்றிவிட்டார்கள். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு எதிர் டீமை வாருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறதா, அந்த ஊர் டீமுக்கு அவன் வைத்த பேர் 'ஆபீஸ் டீமு'. அவர்கள் கோல் போடத் தவறினால் இவன் எடுத்துக் கொடுப்பான்:

"கோலு வேணுமா, மனு குடு!"

கூட்டம் வாங்கிக்கொள்ளும்: "திங்கக்கெழம வந்து குடு!"

திங்கட்கிழமை மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றவர்கள்தான் அங்கே இருந்த பாதிப் பேர். வேங்கிக்கால்காரர்களே சிரித்துவிடுவார்கள். அவர்களும் சும்மா விடமாட்டார்கள். "பௌர்ணமிக்கு மட்டும் ஊரு, மத்த நாள்ல நீங்க யாரு?" என்று திருப்பிக் கொடுப்பார்கள். கிரிவலக் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டிலும் சுக்குக் காப்பியும் விற்றுப் பிழைக்கிற ஊர் என்று குத்தல். அதற்கு அடி அண்ணாமலைக்காரர்களும் சிரிப்பார்கள். தோற்கிற டீமுக்குக் கடைசியில் 'கோவிந்தா' போடுவது வழக்கம். பாடை தூக்கும்போது போடுகிற அதே கோவிந்தாதான். ஆனால் டீமுக்குத்தான் போடுவார்கள், ஆளுக்குப் போடமாட்டார்கள். இப்படி ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அறிவுக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

போன மே மாதம் ஏழு பேர் ஆடுகிற டோர்னமென்ட்டின் ஃபைனல் வேங்கிக்காலில் நடந்தது. புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் பூந்தோட்ட நகருக்குப் பக்கத்தில் ஒரு காலி மைதானம். மைக் செட் மொஹ்சினுடையது. மைக் செட் அவனுடையது என்றால் கமெண்ட்ரி அறிவுடையது. அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் ஃபைனலுக்கு வந்து நின்றது அடி அண்ணாமலையும் வேங்கிக்காலும். ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டிவிட்டு இறங்கும்போதே மொஹ்சின் எச்சரித்தான்.

"டேய், மைக்க புடிச்சவன் நடுவுல நிக்கணும். உன் ஊர் புத்திய காட்டாத."

"நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்றான் அறிவு.

முதல் பாதி முடியும்வரை நடுவில்தான் நின்றான். இரண்டாவது பாதியில் நிலைமை மோசமாகிவிட்டது. வேங்கிக்கால் ஒரு கோல் முன்னால் இருந்தது. அதைவிடப் பெரிய தொந்தரவு அவர்களுடைய கோல்கீப்பர் மாறன். இருபத்தாறு வயசு, நெட்டையான ஆள், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அன்றைக்கு எந்தப் பக்கம் அடித்தாலும் அவன் கை அங்கே முன்னாலேயே போய்க் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அடி அண்ணாமலைக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அதையும் பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்ததோடு விட்டானா, பந்துக்கு ஒரு முத்தம் வேறு கொடுத்தான்.

அடி அண்ணாமலைப் பக்கம் மேளம் நின்றுபோனது. யாரோ கத்தினார்கள்: "அறிவண்ணே, இன்னா சும்மா குந்திக்கினு கீற? அந்த மாறனுக்கு எதுனா ஒண்ணு எடுத்து வுடு."

எதையாவது சொல்ல வேண்டும் என்றுதான் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனான். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. நாக்கு அதுபாட்டுக்குத் தினமும் போகிற தடத்தில் போனது. மாறனுடைய அப்பா அப்பாதுரை இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தபோது அவன்தான் பேசிக் கொடுத்திருந்தான். தெருவின் பேர், மகனின் பேர் எல்லாம் எங்கேயோ உள்ளே கிடந்தது. அது அப்படியே வரிசையாக வெளியே வந்தது.

"வேங்கிக்கால் பூந்தோட்ட நகர் மூன்றாவது தெருவில் வசிக்கும், காலஞ்சென்ற அப்பாதுரை அவர்களின் ஒரே மகன் மாறன் அவர்கள், இன்று மாலை சிவலோகப் பதவி அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

குரலில் ஒரு துளி சிரிப்பு இல்லை. அதுதான் வேடிக்கையே. மைதானம் ஒரு கணம் அமைதியாகிவிட்டு, பிறகு வெடித்துச் சிரித்தது. செத்துப்போனவன் கோல் போஸ்டுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான் அல்லவா. மாறனே சிரித்தான். நாக்கை வெளியே தொங்கப் போட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிணம் மாதிரி ஒரு கணம் நின்று காட்டினான். வேங்கிக்கால்காரர்கள்கூட கை தட்டினார்கள். மேளக்காரர்கள் சட்டென்று சாவு மேளத்துக்கு மாறினார்கள். கூட்டம் பிடித்துக்கொண்டது.

"அப்பாதுரை மகனுக்கு!"

"கோவிந்தா!"

"மூணாந்தெரு மாறனுக்கு!"

"கோவிந்தா கோவிந்தா!"

மொஹ்சின் கையை ஆட்டி, போதும் என்றான். அறிவு அவனைப் பார்க்கவில்லை. தான் பேசியதை ஒரு மைதானமே திருப்பிச் சொல்கிற ருசி அவனுக்குப் புதுசு. சாவு வீட்டில் அவன் பேச்சுக்கு யாரும் கை தட்டியதில்லை. இன்னும் ஒரு தரம், முதலில் இருந்து சொன்னான். முடிவில், இறுதி ஊர்வலம் ஆட்டம் முடிந்ததும் கோல் போஸ்டில் இருந்து புறப்படும் என்றும் சேர்த்துக்கொண்டான். சிரிப்பு இன்னும் பெரிசாக எழுந்தது.

மைதானத்தில் இருந்தவர்களுக்கு மாறன் கண்ணெதிரே நின்றான். பூந்தோட்ட நகர் மூன்றாவது தெருவில் இருந்து பார்த்தால் மாறன் தெரியமாட்டான். குழாய் ஸ்பீக்கர் ஒன்று அந்தப் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தது.

ரேணுகாம்பாள் வந்தபோது காலில் செருப்பு இல்லை. முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறாள்; இரண்டு கையிலும் முழங்கை வரை மாவு. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. மாரில் அடித்துக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஒப்பாரி வைப்பதற்கு யாரோ வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கூட்டம் நினைத்துவிட்டது. வழிவிட்டுச் சிரித்தார்கள். அவள் முகத்துக்கு நேராகவே ஒருத்தன் கோவிந்தா போட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எடுத்துக் கொடுத்தவன் வேறு ஆள்.

மாறன் பந்தை விட்டுவிட்டு ஓடினான்.

"யம்மா, இன்னாம்மா இது? இங்கதாம்மா கீறேன். ஒண்ணும் ஆவல. யம்மா, என்னைப் பாரு."

அவள் அவன் முகத்தைத் தடவினாள். தோளைத் தொட்டாள். கையுறையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கன்னமெல்லாம் மாவு ஒட்டியது.

"அவன் சொன்னானேடா" என்றாள். "அந்த ஆளு சொன்னானே. உங்கப்பாவுக்கும் அவன்தானே சொன்னான்."

மகன் எதிரில் நிற்கிறான், மூச்சு விடுகிறான், பேசுகிறான். அப்படியும் அவளுக்கு அந்தக் குரல் மேலேதான் நம்பிக்கை இருந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேளம் நின்றது. மொஹ்சின் போய் மைக் வயரைப் பிடுங்கினான். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அறிவு, செத்துப்போன மைக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

மாறன் அம்மாவைத் தோளோடு அணைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் இடத்தில் ஒரு கத்துக்குட்டி வந்து நின்றான். அடி அண்ணாமலை இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. கப்பை வாங்கும்போது ஒருத்தரும் கோஷம் போடவில்லை.

வீட்டுக்கு வந்தும் அறிவு வாயை அடக்கவில்லை. "விளையாட்டுக்குச் சொன்னதுடி. மாறனே சிரிச்சான், தெரியுமா?" என்றான். தனம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அவன் சிரிப்பான். அவன் செத்துட்டான்னு அவனுக்கா சொன்ன? பெத்தவளுக்கு இல்ல சொன்ன."

அவன் தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவினான்.

நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அறிவும் அப்படித்தான் நினைத்தான். நினைத்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வேங்கிக்காலில் ஒரு சாவு. ஆட்டோ பூந்தோட்ட நகருக்குள் போனது. 'தெருவில் வசிக்கும்' என்கிற வரைதான் ஓடியிருக்கும். ரேணுகாம்பாள் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாள். பேர் வருகிற வரை அவள் காத்திருக்கவில்லை. மகன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தக் குரல் எங்கே கேட்டாலும் உடனே மாறனுக்கு போன் போடுவாள். அவன் எடுக்கவில்லை என்றால் தெருவில் இறங்கிவிடுவாள். ஒரு தரம் அவளுக்காக டவுன் பஸ் ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் திட்டினான். அவள் காதில் அது விழவேயில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மாறனுக்கு வேலை தயாராக இருந்தது. கம்பெனி டீமுக்குக் கோல்கீப்பர் வேண்டும் என்று அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். அவன் போகவில்லை. அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? இதெல்லாம் மொஹ்சின் வந்து சொல்லித்தான் அறிவுக்குத் தெரிந்தது. மொஹ்சின் திட்டவில்லை. திட்டியிருந்தால் அறிவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவனும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். பூந்தோட்ட நகர்ப் பக்கமே ஆட்டோ போகக் கூடாது என்றான். மெயின் ரோட்டில் போனாலும் சத்தம் அங்கே கேட்டது. குரலை மாற்றிப் பேசிப் பார்த்தான். மூக்கடைத்த மாதிரி இருந்தது, மொஹ்சின் வேண்டாம் என்றுவிட்டான். கம்ப்யூட்டர் குரலில் ஒன்று போட்டார்கள். செத்தவரின் மகன் நேராகக் கடைக்கு வந்து, "எங்க நைனா இன்னா மிஷினா? பஸ் ஸ்டாண்டுல ரூட் சொல்றாப்புல சொல்லுது" என்று கத்திவிட்டுப் போனான். ஒரு வாரம் அறிவு பேசவே மாட்டேன் என்று வீட்டில் படுத்துக்கொண்டான். ஒரு பெரியவர் அழுத கண்ணோடு வாசலில் வந்து நின்று, பெண்டாட்டி போய்விட்டாள், நீ சொல்லாமல் யார் சொல்வார்கள் என்றார். மறுக்க முடியாமல் போய்ப் பேசினான். ஒரு காலத்தில் எந்தக் குரலை நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டானோ, அதைத் தொண்டையோடு பிடுங்கி எறிந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். மனு எழுதுகிறவர்களின் கூட்டம் கலைந்த மத்தியான நேரம். மாறன் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். அறிவைப் பார்த்ததும் முகம் கடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"மாறா, தப்பு பண்ணிட்டேன்டா."

"என்கிட்ட இன்னாண்ணா தப்பு? நானும்தான் சிரிச்சேன். நாக்கத் தொங்கப் போட்டு நின்னேன். அத நெனச்சா எனக்கே உடம்பு கூசுது." மாறன் சோற்றைப் பிசைந்தான். "உங்க டீம நாங்க எவ்ளோ ஓட்டியிருக்கோம். பேரு சொல்லாம, அப்பா பேரு இழுக்காம இருந்திருந்தா, எங்கம்மா அந்தக் கோவிந்தாவ கேட்டுட்டு முறுக்கு சுட்டுக்கினு இருந்திருப்பாங்க."

அறிவு தரையில் கிடந்த ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"டாக்டர்கிட்ட காட்டினேன், மாத்திரை குடுத்திருக்காரு. தூங்கறாங்க. முழிச்சா அதே கதைதான். நான் எவ்ளோ சொன்னாலும் நம்பறது இல்ல. நீ ஒரு வாட்டி வந்து சொல்றியாண்ணா?"

"நானா?"

"நீதான். அன்னிக்குச் சொன்னது பொய்னு நீயே சொல்லு. அந்தக் குரலே சொன்னா மனசுல எறங்குமோ இன்னாவோ. ஆனா நான் பக்கத்துல நிக்கும்போது சொல்லு. நான் வர்றதுக்கு முந்தி வாயத் தொறந்துடாத, பயந்துடுவாங்க. ஞாயித்துக்கெழம வா. அன்னிக்கும் எனக்குக் கடை இருக்கு. அஞ்சு மணிக்கு வந்துடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜேந்திரன் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அறிவு பேசிக் கொடுத்தான். அவர் வீடு பூந்தோட்ட நகருக்குப் பின்பக்கம். அந்த நகருக்குள் மட்டும் போகாதே என்று மொஹ்சினிடம் படித்துப் படித்துச் சொன்னான். பிறகு வீட்டுக்கு வந்து, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். 'அம்மா, நான் சொன்னது பொய். உங்க மகன் நல்லா இருக்கான்.' எப்படிச் சொன்னாலும் அது ஏதோ அறிவிப்பு மாதிரியே வந்தது. தனம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போய் கால்ல விழு. வார்த்தை தானா வரும்" என்றாள். அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாலரைக்கே போய்விட்டான்.

ரேணுகாம்பாள் கேட்டுக்குள் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் பார்த்ததற்குப் பாதி ஆளாக இருந்தாள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முகத்தை அவள் அன்றைக்குப் பார்த்திருக்கவே இல்லை.

"யாருப்பா? மாறன் ஃப்ரெண்டா?"

அவன் தலையாட்டினான்.

"உள்ள வா கண்ணு. அவன் வர்ற நேரந்தான். வெயில்ல வந்திருக்க."

ஃபேனைப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். டீ போட்டாள், தட்டில் முறுக்கு வைத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். அவன் மலைக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினான். அவள் அதோடு விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் பேசினாள். மாறனுக்குப் பெண் பார்க்க வேண்டும், வேலை ஒன்று வந்தது போகாமல் இருக்கிறான், என்னால்தான் போகவில்லை, சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றாள். குரலில் குழப்பம் எதுவும் இல்லை. நல்ல தெளிவான பொம்பளை. முறுக்கை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான், மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

அப்போது ஆட்டோ வந்தது.

மொஹ்சின்மேல் தப்பில்லை. வாத்தியாரின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்தத் தெரு அந்தத் தெரு என்று வழி காட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முதலில் தூரத்தில் கேட்டது, பிறகு தெருமுனையில். தன் குரலை அறிவு ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தரம். அவன் நினைத்திருந்ததைவிட அது கனமாக இருந்தது.

ரேணுகாம்பாளின் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. போனைத் தேடினாள், கிடைக்கவில்லை. அது அவள் மடியில் இருந்துதான் நழுவியிருந்தது. வாசலுக்கு ஓடினாள். அறிவும் பின்னாலேயே ஓடி, கேட்டுக்கு வெளியே அவள் கையைப் பிடித்துவிட்டான். ஆட்டோ அதற்குள் அடுத்த தெருவுக்குத் திரும்பியிருந்தது.

"உனக்குக் கேட்டுதா கண்ணு? யாரு பேரச் சொன்னான்? எம் புள்ள பேரா? உனக்கு நல்லா கேட்டிருக்குமே, சொல்லேன்."

அவனுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். ராஜேந்திரன் வாத்தியார், எண்பது வயசு, தூக்கத்தில் போனவர். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் மூச்சு அடங்கிவிடும். அவன் வாயைத் திறந்தான். அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது இந்த வாயில் இருந்து எது வந்தாலும், அது நல்ல சேதியாகவே இருந்தாலும், ஆட்டோவில் இருந்து வந்த அதே குரலில்தான் வரும். பிடித்திருக்கிற கையே அந்த ஆளுடைய கை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். மாறன் இன்னும் வரவில்லை. அறிவு திறந்த வாயை மூடிக்கொண்டான். இல்லை இல்லை என்று பலமாகத் தலையை ஆட்டினான். கிழவர் மாதிரி முதுகை வளைத்துக் காட்டினான், தாடியைத் தடவிக் காட்டினான், மாறன் இல்லை என்று மறுபடியும் விரலை ஆட்டினான்.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"வயசானவரா? எம் புள்ள இல்லியா?"

அவன் தலையாட்டினான்.

"உனக்குப் பேச வராதா கண்ணு?"

அவன் தலை குனிந்து நின்றான். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அய்யோ, நான் ஒருத்தி. வந்ததுல இருந்து நானே பேசிக்கினு இருக்கேன்." அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "உன்னப் பெத்தவ எப்டித்தான் தாங்கினாளோ. எம் புள்ள வாய் நிறைய அம்மானு கூப்புடறான், நான் பைத்தியக்காரி மாதிரி ரோட்டுல ஓடறேன். வா, உள்ள வா."

அவனைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தன் பயத்தை அவள் அதற்குள் மறந்துவிட்டிருந்தாள். அழ வேண்டும் போல இருந்தது அவனுக்கு. அழுதாலும் குரல் வந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆட்டோ சத்தம் கேட்டு மாறன் பைக்கை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அம்மா தெருவில் இல்லை, வீட்டுக்குள் உட்கார்ந்து ஒருத்தனுக்கு இரண்டாவது டீ ஆற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு அறிவைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "சொல்லிட்டியாண்ணா?"

"அவங்கிட்ட இன்னாடா கேக்கற?" என்றாள் ரேணுகாம்பாள். "பேச்சு வராத புள்ளனு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? பாவம்டா. ஆட்டோ வந்தப்போ இவந்தான் என்னைப் புடிச்சு நிறுத்தினான்."

மாறன் அம்மாவைப் பார்த்தான். அவள் முகம் பல வாரங்களுக்குப் பிறகு சாதாரணமாக இருந்தது. அறிவைப் பார்த்தான். அறிவு, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். மாறன் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அறிவு கிளம்ப எழுந்தபோது அவள் விடவில்லை. சாமி மாடத்தில் இருந்து விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரிகிற வீடு அது. அவனை மலையைப் பார்க்க நிறுத்தி, நெற்றியில் பூசினாள். பிறகு இன்னும் கொஞ்சம் எடுத்து, குழந்தைக்குத் தடவுவது போல அவன் தொண்டையில் தடவினாள்.

"அண்ணாமலையாரே, வர்ற பௌர்ணமிக்கு இந்தப் புள்ளைக்காக நான் வெறுங்கால்ல சுத்தி வரேன். எனக்கு எதுவும் வேணாம். இவனுக்கு ஒரு கொரலு குடுத்துடு."

மாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அறிவு மலையைப் பார்த்துக் கையைக் குவித்தான். அவள் கேட்டதை மட்டும் கொடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டான்.